கருப்பட்டி போட்டா சுகர் ஏறாதா? ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வீடுகளுக்கு உணவு ஆலோசனை எங்கிருந்து வருகிறது?

விருதுநகர் என்றால் எண்ணெய் பரோட்டா. சாத்தூர் என்றால் காராசேவு. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் ஆண்டாள் கோயில், அடுத்த மூச்சிலேயே பால்கோவா. பொரித்தது, மொறுமொறுத்தது, இனித்தது என்று ருசியாலேயே பேர் வாங்கிய மாவட்டம் இது. அந்த மாவட்டத்தில்தான் இப்போது வீட்டுக்கு வீடு ஒரு கேள்வி ஓடுகிறது: "எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?"

பதில் சொல்ல ஆளுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் கண் விழித்தால் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் 'வெறும் வயிற்றில் இதைக் குடித்தால் சுகர் ஓடிப்போகும்' என்று ஒரு வீடியோ. நைட் ஷிஃப்ட் முடித்து வரும் மில் தொழிலாளியின் போனில் 'பரோட்டா சாப்பிடுபவர்களே உஷார்' என்று ஒரு ரீல்ஸ். நாட்டுமருந்துக் கடையில் ஒரு ஆலோசனை, செக்கு எண்ணெய்க் கடை போர்டில் இன்னொன்று, ஜிம்மில் வேறொன்று. ராஜபாளையத்தில் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்குவதற்குள், சுமார் 12 கிலோமீட்டர் தூரத்தில், போனைத் தள்ளிக்கொண்டே வந்தால் முட்டை நல்லது என்று ஒருவரும் முட்டை விஷம் என்று ஒருவரும் சொல்லி முடித்திருப்பார்கள். இருவருமே வெள்ளை கோட்டு போட்டிருப்பார்கள்!

இது சிரித்துவிட்டுக் கடக்கிற விஷயமாக இல்லை. ஐ.சி.எம்.ஆர். - இந்தியாப் ஆய்வின் முடிவுகள் 2023-ம் ஆண்டு வெளியானபோது, இந்தியாவில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு என்பது தெரியவந்தது. தமிழ்நாட்டின் கணக்கு 14.4 சதவிகிதம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவிகிதம் பேர் அதிக எடை கொண்டவர்கள். அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு எடை, மகளுக்கு ரத்தம் குறைவு என்று ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று பிரச்னை இருக்கலாம். போனில் வரும் அந்த ஒரு நிமிட வீடியோவோ மூன்று பேருக்கும் ஒரே பதிலைத்தான் சொல்கிறது.

இனிப்பு மட்டும் பேர் மாறி வருகிறது

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-ம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. பாலும் சர்க்கரையும் மட்டும் சேர்த்து, விறகு அடுப்பில் கிண்டிக் கிண்டி இறக்குவதுதான் அதன் பக்குவம். அதில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. சாப்பிடுகிறவருக்கு அது இனிப்பு என்று தெரியும், கொடுக்கிறவருக்கும் தெரியும்.

குழப்பம் வருவது, கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை சேர்த்த வகைகள் வந்த பிறகுதான். 'இது கருப்பட்டிதானே, சுகர் இருக்கிறவங்களும் சாப்பிடலாமே' என்று சொந்தக்காரர் ஒருவர் டப்பாவை நீட்டும்போது, மறுக்க மனம் வராது. ஏற்கெனவே நாலு வீடியோவில் அதே சேதி வந்திருக்கும்.

உண்மை என்ன? வெள்ளைச் சர்க்கரை, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி எல்லாவற்றிலும் பெரும்பகுதி சர்க்கரைச் சத்துதான். கருப்பட்டியிலும் வெல்லத்திலும் கொஞ்சம் தாது உப்புகள் கூடுதலாக இருக்கும். ஆனால், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும் வேலையை இவை எல்லாமே செய்யும். ருசிக்காகக் கருப்பட்டியைத் தேர்ந்தெடுப்பது வேறு, மருந்து என்று நினைத்து அளவில்லாமல் சாப்பிடுவது வேறு.

அளவுக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ம் ஆண்டு மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல்கள், நாள் ஒன்றுக்குச் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கின்றன. சுமார் ஐந்து டீஸ்பூன். ஒரு நாளைக்கு மூன்று டீ, ஒவ்வொன்றிலும் ஒன்றரை ஸ்பூன் சர்க்கரை என்றால் அதிலேயே நாலரை ஸ்பூன் போய்விடுகிறது. 100 கிராம் பால்கோவாவில் கால் பங்கு சர்க்கரை என்று வைத்துக்கொண்டாலும் அது தனியாக ஒரு நாள் கணக்கு. திருவிழாவுக்கு ஒரு கரண்டி சாப்பிடுகிறவரை யாரும் குறை சொல்லப் போவதில்லை. சுகர் மாத்திரை போடுகிற ஒருவர் 'கருப்பட்டிதானே' என்ற தைரியத்தில் தினமும் சாப்பிட்டால்தான் சிக்கல்.

இதே கதை உப்பிலும் உண்டு. 'பிரஷருக்கு இந்துப்பு நல்லது' என்று நம்பி, சாதா உப்பை நிறுத்தியவர்கள் ஏராளம். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான். ரத்த அழுத்தத்துக்கு எந்த உப்பு என்பதைவிட எவ்வளவு உப்பு என்பதே முக்கியம்; நாளைக்கு 5 கிராமுக்குள். கூடவே ஒரு நஷ்டமும் உண்டு. இந்துப்பில் பெரும்பாலும் அயோடின் சேர்த்திருக்க மாட்டார்கள். கர்ப்பிணியும் குழந்தையும் இருக்கிற வீட்டில் இது சின்ன விஷயம் கிடையாது.

கூழ் திரும்பி வந்த கதை

போனில் வருவதெல்லாம் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. சிறுதானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பும் சோளமும் கேழ்வரகும் இந்தக் கரிசல் சீமைக்குப் புதிதல்ல. தாத்தா பாட்டி காலத்தில் அன்றாடச் சாப்பாடே அதுதான். நெல்லுச்சோறு பண்டிகைக்கு. பிறகு ரேஷன் அரிசி வந்து பசியைத் தீர்த்தது. கம்பும் சோளமும் 'இல்லாதவர் சாப்பாடு' என்று ஓரம் போனது.

அதை மீண்டும் பேச்சுக்குக் கொண்டுவந்ததில் பத்திரிகைகளுக்கும் மேடைகளுக்கும் பெரிய பங்கு இருக்கிறது. கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றி, வேலையை உதறிவிட்டு வந்த நம்மாழ்வார் ஊர் ஊராகப் பேசினார். சித்த மருத்துவர் கு.சிவராமன் 'ஆனந்த விகட'னில் எழுதிய 'ஆறாம் திணை' தொடர், தினையையும் வரகையும் நகரத்து அடுப்படிக்குக் கொண்டு போனது. 2023-ம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேச சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இப்போது ரோட்டோரத் தள்ளுவண்டியில் கம்பங்கூழ் குடிப்பது கௌரவக் குறைச்சல் இல்லை. ஒரு நல்ல தகவல் மக்களிடம் போய்ச் சேர்ந்ததற்கு இது உதாரணம்.

ஆனால், சேர்ந்த வழியில் பாதி உதிர்ந்துவிட்டது. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 364 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது; தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம்கூட இல்லை. இந்தச் செய்தி எல்லோருக்கும் போய்விட்டது. அதே 100 கிராமில் மாவுச்சத்து அரிசியில் சுமார் 78 கிராம், கேழ்வரகில் சுமார் 67 கிராம் என்பது போகவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான். நைசாக அரைத்து, கூழாகக் கரைத்து, சொம்பு நிறையக் குடித்தால் சுகர் ஏறத்தான் செய்யும். 'சிறுதானியம் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று எழுதியவர்கள் குறைவு. ஃபார்வர்டு ஆகி ஆகி அப்படி ஆகிவிட்டது.

செக்கு எண்ணெய்க்கும் இதே கதிதான். மணமும் ருசியும் பிடித்தால் தாராளமாக வாங்கலாம். ஆனால், செக்கில் ஆட்டினாலும் மிஷினில் பிழிந்தாலும் ஒரு கிராம் எண்ணெய்க்கு 9 கலோரிதான். எண்ணெய் பரோட்டாவை செக்கு எண்ணெயில் போட்டாலும் அது எண்ணெய் பரோட்டாதான்!

எப்போது ஆபத்தாகிறது?

கூழைக் கூடுதலாகக் குடித்தால் மறுநாள் குறைத்துக்கொள்ளலாம். சில தவறுகளுக்கு அப்படி மறுநாள் கிடைப்பதில்லை.

கடந்த 2025-ம் ஆண்டு ஜூலையில் குமரி மாவட்டத்தைச் சேர்ந்த 17 வயது மாணவர் ஒருவர் இறந்தார். உடல் எடையைக் குறைக்க யூடியூப் பார்த்து, டாக்டரைக் கேட்காமல், சில மாதங்களாகப் பழச்சாறு மட்டுமே குடித்து வந்தார் என்று குடும்பத்தினர் கூறியதாகச் செய்திகள் வெளியாயின. அதே ஆண்டு மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் 18 வயது மாணவி ஒருவர், ஆன்லைனில் பார்த்த டயட்டைப் பின்பற்றிச் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்து உயிரிழந்தார். இருவருமே பிள்ளைகள். படித்தவர்கள். போனைத் தட்டத் தெரிந்தவர்கள்.

பெரியவர்கள் வேறு மாதிரி மாட்டிக்கொள்கிறார்கள். சுகர் மாத்திரையைத் தாங்களாகவே நிறுத்திவிட்டு, வெந்தயத் தண்ணீருக்கும் ஆவாரம்பூ கஷாயத்துக்கும் மாறுவது பல வீடுகளில் நடக்கிறது. மாத்திரை நிறுத்திய முதல் வாரம் ஒன்றும் தெரியாது. 'பார்த்தியா, நல்லாத்தான இருக்கேன்' என்று தோன்றும். சுகர் உள்ளே இருந்து கண்ணையும் சிறுநீரகத்தையும் கால் நரம்பையும் அரிக்க மாதங்கள், வருடங்கள் ஆகும். கால் புண் ஆறாமல் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, அந்த வீடியோ போட்டவர் கூட வரமாட்டார்.

இன்னொன்று, இளநீர். கோடைக்கு அதைவிட நல்ல பானம் கிடையாது. 'கிட்னிக்கு நல்லது' என்றும் வீடியோ சொல்லும். ஆனால், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளவருக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கி, இதயத் துடிப்பையே குலைக்கலாம். ஒருவருக்கு அமிர்தமாக இருப்பது இன்னொருவருக்கு விஷமாவது இங்கேதான். பேசுகிறவருக்கு நம் கிரியாட்டினின் அளவு தெரியாது.

டாக்டர் அறையில் இரண்டு நிமிடம்

அப்படியானால், டாக்டரிடம் கேட்க வேண்டியதுதானே? கேட்கலாம். நேரம் இருந்தால்!

67 நாடுகளில் டாக்டர்கள் ஒரு நோயாளிக்கு ஒதுக்கும் நேரத்தைத் தொகுத்து 2017-ம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியானது. ஸ்வீடனில் 22 நிமிடத்துக்கு மேல். இந்தியாவில் சுமார் இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் பிரஷர் பார்த்து, ரிப்போர்ட் பார்த்து, மாத்திரை எழுதி முடித்த பிறகு, 'இனிப்பைக் குறைங்க, அரிசியைக் குறைங்க, நடங்க' என்பதோடு பேச்சு முடிகிறது. அரிசியைக் குறைத்தால் அந்த இடத்தில் எதை வைப்பது, ஷிஃப்ட் வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுவது, மாதக் கடைசியில் காய் வாங்கக் காசு இல்லாவிட்டால் என்ன செய்வது என்பதெல்லாம் அந்த இரண்டு நிமிடத்துக்கு வெளியே நிற்கிற கேள்விகள். அந்தக் காலி இடத்துக்குள்தான் யூடியூப் நுழைகிறது. அது பொறுமையாகப் பேசும். அம்மா, ஐயா என்று கூப்பிடும். பத்து நிமிடம் உட்கார வைத்து விளக்கும். கடைசியில் 'லிங்க் கீழே இருக்கு' என்று பொடி டப்பாவையும் விற்கும்.

குன்னூரில் பிறந்த கணக்கு

நம்பி எடுத்துக்கொள்ள ஒரு புத்தகம் இல்லையா என்றால், இருக்கிறது. அதன் வேர் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1918-ம் ஆண்டு, நீலகிரி மாவட்டம் குன்னூரில் உள்ள பாஸ்டர் இன்ஸ்டிட்யூட்டில் ஒரு சின்ன அறையில், பெரிபெரி நோயை ஆராய ஒரு பிரிவைத் தொடங்கினார் ராபர்ட் மெக்காரிசன் என்கிற ராணுவ மருத்துவர். இந்தியாவின் பல பகுதி மக்கள் சாப்பிடும் உணவை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார் அவர். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி கொண்ட பஞ்சாப் பக்கத்துச் சாப்பாடு தின்ற எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பியிருந்த சென்னை மாகாணச் சாப்பாட்டு எலிகள் நோஞ்சானாகிப் போயின. வெள்ளைச் சோற்றை மட்டும் நம்பாதீர்கள், பருப்பும் காயும் பாலும் சேருங்கள் என்ற சேதி நூறு வருடங்களுக்கு முன்பே மலை மேலிருந்து வந்துவிட்டது.

அந்தப் பிரிவுதான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக நிற்கிறது. சேலத்தில் பிறந்த டாக்டர் சி.கோபாலன் அதன் தலைவராக இருந்தவர். நம் ஊர் டயட்டீஷியன்கள் புரட்டும் உணவுச் சத்துப் பட்டியல் இவர்கள் வழியில் வந்ததுதான்.

2024 வழிகாட்டுதல்களில் அந்த நிறுவனம், 2,000 கலோரி தேவைப்படும் ஒருவருக்கு ஒரு நாள் தட்டு எப்படி இருக்க வேண்டும் என்று எடை போட்டே காட்டுகிறது. தானியம் 250 கிராம், காய்கறி, கீரை 400 கிராம், பருப்பு வகை 85 கிராம், பழம் 100 கிராம், கடலை போன்ற கொட்டை வகைகள் 35 கிராம், எண்ணெய் 27 கிராம், பால் அல்லது தயிர் 300 மில்லி. தானியத்தைவிடக் காய்கறி அதிகம் என்பதைக் கவனியுங்கள். நம் வீட்டுத் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருக்கும். அதைத் தலைகீழாக்கச் சொல்கிறது இந்தக் கணக்கு.

சொல்வது சுலபம்தான். நாலு பேர் உள்ள வீட்டுக்கு ஆளுக்கு 400 கிராம் என்றால் ஒரு நாளைக்கு ஒன்றரை கிலோவுக்கு மேல் காய் வேண்டும். ரேஷனில் அரிசி இலவசமாகக் கிடைக்கிறது, கத்திரிக்காய் கிடைப்பதில்லை. உழவர் சந்தையில் விலை இறங்கும் நேரம் பார்த்துப் போகிற, கொல்லையில் முருங்கையை நட்டு வைத்திருக்கிற அம்மாக்களுக்குத்தான் இந்தக் கணக்கை நடைமுறையில் நெருங்கும் வித்தை தெரியும். எந்த ரீல்ஸும் காயின் விலையைப் பற்றிப் பேசுவதில்லை என்பது விசித்திரம்.

வீட்டுக்கே வரும் அக்கா

நம் பேர், வயது, பிரஷர், சுகர் எல்லாம் தெரிந்த ஒருவர் வீட்டுக்கே வந்து பேசினால் எப்படி இருக்கும்? அப்படி ஒருவர் வந்துகொண்டுதான் இருக்கிறார். 2021-ம் ஆண்டு ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்வான தன்னார்வலர்கள் வீடு வீடாகப் போகிறார்கள். பிரஷர் பார்க்கிறார்கள், விரல் நுனியில் குத்தி சுகர் பார்க்கிறார்கள், மாத்திரையைக் கையில் கொடுக்கிறார்கள். தொற்றா நோய்த் தடுப்புக்காக 2024-ல் இந்தத் திட்டம் ஐ.நா. முகமைகள் கூட்டுப் பணிக்குழுவின் விருதையும் வாங்கியது.

அந்த அக்காவிடம் டாக்டர் பட்டம் இல்லை. ஆனால், அவர் கையில் போன மாத சுகர் அளவும் இந்த மாத அளவும் இருக்கின்றன. 'கருப்பட்டிக்கு மாறினேன், ஒண்ணும் செய்யலை' என்கிறவரிடம் இரண்டு எண்களையும் காட்டிக் கேட்க முடியும். அடுப்படி வரை போய்ப் பேசும் உரிமையும் பக்கத்துத் தெருக்காரர் என்பதால் தானாக வந்துவிடுகிறது. மாத்திரையை வாங்கிக்கொண்டு வாசலோடு அனுப்பிவிடாமல், சாப்பாட்டைப் பற்றி இரண்டு கேள்வி கேட்டால் என்ன? பதில் தெரியாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டு வந்து சொல்வார்.

கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடி ஊழியர் இருவரும் இப்படித்தான். கர்ப்பிணிக்கு இரும்புச் சத்து மாத்திரை கொடுக்கும்போதே, 'சாப்பிட்ட உடனே டீ குடிக்காதம்மா' என்று அவர்கள் சொல்வது வெறும் பழக்கப் பேச்சல்ல. டீயில் உள்ள டானின், இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் டீ, காபி வேண்டாம் என்று அந்த 2024 வழிகாட்டுதலும் சொல்கிறது. 53 சதவிகிதம் பேருக்கு ரத்தசோகை உள்ள மாநிலத்தில் இந்த ஒரு வரி பத்து ரீல்ஸுக்குச் சமம்.

பிள்ளைகளுக்கோ சாப்பாடே பாடம். 1952-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் போனவர் காமராஜர். அவர் முதல்வராக இருந்து தொடங்கிய மதிய உணவு, 1982-ல் எம்.ஜி.ஆர். காலத்தில் சத்துணவாக விரிந்து, பிறகு முட்டையும் சேர்ந்து, 2022-ல் காலை உணவுத் திட்டம் வரை வந்திருக்கிறது. பள்ளியில் முட்டை சாப்பிட்டுப் பழகிய பிள்ளைக்கு முட்டை நல்லதா, விஷமா என்ற வீடியோ தேவைப்படாது.

போனை மூடச் சொல்லவில்லை

போனைத் தூக்கிப் போடச் சொன்னால் யாரும் கேட்கப் போவதில்லை. பார்க்கும்போது சிலவற்றைக் கவனித்தால் போதும். பேசுகிறவர் என்ன படித்தார்? உணவு, மருத்துவம் பற்றி நிபுணராகப் பேசுகிறவர்கள் தங்கள் தகுதியை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்ட்டில் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. 'தண்ணீர் குடியுங்கள், நன்றாகத் தூங்குங்கள்' போன்ற பொதுவான பேச்சுக்கு இது பொருந்தாது. 'இந்தப் பொடி சுகரைக் குறைக்கும்' என்பவருக்குப் பொருந்தும். மாத்திரையை நிறுத்து என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்திலேயே வீடியோவை நிறுத்திவிடலாம்.

கடையில் வாங்கும் பாக்கெட்டிலும் முன்பக்கத்தை நம்ப வேண்டாம், திருப்பிப் பாருங்கள். எது எடை அதிகமோ அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. முன்னால் 'மல்டிகிரெயின்' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். பின்னால் முதல் பெயர் மைதாவாக இருக்கலாம், இரண்டாவது சர்க்கரையாக இருக்கலாம். 'ஹெல்த் டிரிங்க்' என்ற சொல்லுக்கு நம் உணவுச் சட்டத்தில் விளக்கமே கிடையாது. அதனால்தான் 2024 ஏப்ரலில், ஆன்லைன் கடைகள் அந்தத் தலைப்பின் கீழ் பானங்களை விற்கக் கூடாது என்று மத்திய வர்த்தக அமைச்சகம் சொன்னது. கண்ணாடி போடாத தாத்தாவுக்குப் பொடி எழுத்தைப் படித்துக் காட்டும் வேலையைப் பேரப்பிள்ளைகள் எடுத்துக்கொள்ளலாம். ரீல்ஸ் பார்க்கும் அதே போன் கேமராவில் பெரிதாக்கினால் தெளிவாகத் தெரியும்.

ராத்திரி நேரத்தில் சந்தேகம் வந்தால், ஃபேமிலி குரூப்பில் கேட்பதற்கு முன் 104-க்கு அழைக்கலாம். தமிழக அரசின் மருத்துவ ஆலோசனை எண் அது. 'அப்பாவுக்கு சுகர், கிட்னியும் கொஞ்சம் வீக், இளநீர் கொடுக்கலாமா?' என்று தமிழிலேயே கேட்கலாம். அழைக்கும்போது கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனைச் சீட்டையும், போடுகிற மாத்திரை அட்டைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.